விகிதாசாரப் பிரதிநிதித்துவம்: பதினைந்து எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் பங்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் ஆறேழு பேர் இருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். ஆயா, அதாவது பாட்டி, வாயிலிருந்து மட்டும் கொஞ்சம் தமிழ் காதில் விழும். 2024 மே 29 தேர்தல் முடிந்து சில நாளில் அவர்களில் ஒருவன், "ஆன்ட்டி, பி.ஆர். முறைக்குத் தமிழில் என்ன சொல்வது?" என்று கேட்டான். கட்சி வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் இடம் தரும் தேர்தல் முறைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். பலகையில் எழுதிக் காட்டினேன்: விகிதாசாரப் பிரதிநிதித்துவம். விரல் விட்டு எண்ணினான். பதினைந்து எழுத்து. "இதைச் சொன்னால் எங்கள் ஆயாவுக்குப் புரியுமா?" என்றான்.

புரியாது. அந்த ஆயா 1994 முதல் ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டு வருபவர். அவர் போட்ட ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது என்பதைச் சொல்லும் சொல் அவருக்கே புரியவில்லை என்றால், குறை சொல்லில்தான் இருக்கிறது. அன்று மாலையே அகராதிகளை எடுத்து மேசையில் பரப்பினேன்.

விகிதம் வடசொல். மூலம் 'விஹித'. பகுத்து வைக்கப்பட்டது, விதிக்கப்பட்டது என்று பொருள். 'தா' என்ற வடமொழி வேருக்கு 'வை' என்பது பொருள். அதன்முன் 'வி' சேர்ந்து பிறந்தது இது. விதி என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். ஆசாரம் என்றால் நடைமுறை, ஒழுகலாறு. பிரதிநிதியைப் பிரித்தால் 'பிரதி' பதிலுக்கு, 'நிதி' வைக்கப்பட்டது. நமக்குப் பதிலாக வைக்கப்பட்டவர். வைத்துக் காக்கும் பொருளுக்கு நிதி என்று பெயர் வந்ததும் இதே வழியில். ஆக, விகிதமும் பிரதிநிதியும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். கடைசியில் ஒட்டியிருக்கும் 'துவம்' தன்மையைக் குறிக்கும் வால்.

விகிதாச்சாரம் என்று இரண்டு சகரம் போட்டு எழுதுவது தமிழ்நாட்டு இதழ்களில் அதிகம். விகித + ஆசாரம் என்று பிரியும்போது நடுவில் ச் வர வேலையில்லை. உச்சரிப்பில் அழுத்தம் விழுவதால் எழுத்திலும் ஏறிக்கொண்டது. விகிதாசாரம் என்று எழுதுவதே சரி. இலங்கைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகின்றன. 1978 அரசியலமைப்போடு இந்த முறை அங்கே நுழைந்ததால், அந்த வாசகருக்கு இது அன்றாடச் சொல்.

சரி, பொருளுக்கு வருவோம். வகுப்பில் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணச் சட்டமன்றத்தில் 80 இடம். மொத்தம் 81 லட்சம் ஓட்டு விழுந்ததாக வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி 81ஆல் வகுத்தால் ஒரு லட்சம். அதோடு இன்னும் ஒன்றைக் கூட்டினால், அதுதான் ஓர் இடத்தின் விலை. இரண்டரை லட்சம் ஓட்டு வாங்கிய கட்சிக்கு இரண்டு இடம் போக, ஏறத்தாழ ஐம்பதாயிரம் மிச்சம் நிற்கும். இன்னொரு சின்னக் கட்சி அறுபதாயிரம்தான் வாங்கியது. முழு விலைக்குப் போதாது. ஆனால் எல்லோருக்கும் கொடுத்த பிறகு ஓர் இடம் மீந்தால், மிச்சம் யாரிடம் அதிகம் என்று பார்ப்பார்கள். ஐம்பதாயிரம் மிச்சம் வைத்திருக்கும் பெரிய கட்சியைத் தாண்டி, அறுபதாயிரம் வைத்திருக்கும் சின்னக் கட்சி முன்னே வரும்.

கேள்வி கேட்ட பையன் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நாடாளுமன்றத்தின் 400 இடத்துக்கும் அடிப்படை இதுவே. கால் சதவீதம் (0.25%) ஓட்டு கிடைத்தால் ஓர் இடம் ஏறக்குறைய உறுதி. இத்தனை சதவீதம் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்ற தடை தென்னாப்பிரிக்காவில் இல்லை. இலங்கையில் மாவட்டத்தில் 5 சதவீதம் வேண்டும்; அதற்கு 'வெட்டுப்புள்ளி' என்று நல்ல சொல் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறையை இங்கே விரும்பி ஏற்றதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1948 தேர்தல் தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் நடந்தது. ஓட்டுரிமை பெரும்பாலும் வெள்ளையருக்கு மட்டும். அப்போதைய பிரதமர் ஸ்மட்ஸின் ஐக்கியக் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். இடங்களோ அதற்கு 65, எதிர்த்து நின்ற மலானின் தேசியக் கட்சி அணிக்கு 79. அந்த ஆட்சிதான் இன ஒதுக்கலைச் சட்டமாக்கியது. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் குழுப் பகுதிச் சட்டத்தை 1950இல் கொண்டுவந்தது. எங்கள் இந்திய வம்சாவளிக் குடும்பங்களைப் பழைய குடியிருப்புகளிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தது அந்தச் சட்டம். ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருத்தமில்லாத ஒரு கணக்கின் விளைவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

இப்போது சின்னக் கட்சிகள். தமிழில் இவற்றுக்கு இருக்கும் பெயர்களைப் பாருங்கள்: உதிரிக் கட்சி, சில்லறைக் கட்சி, லெட்டர்பேடு கட்சி. அவை செய்யும் வேலைக்குப் பெயர் 'ஓட்டுப் பிரிப்பு'. இந்தச் சொற்கள் எல்லாம் இந்தியாவின் தொகுதி முறையில் பிறந்தவை. தொகுதியில் ஒருவர்தான் வெல்ல முடியும் என்றால், மூன்றாவதாக நிற்பவர் யாருடைய ஓட்டையோ பிரிக்கத்தான் செய்வார். பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே 1950களில் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, எண்ணும் முறையே சின்னக் கட்சியை நசுக்கும். இரண்டு, அது தெரிந்த வாக்காளர் முன்கூட்டியே மனம் மாறி, பிடித்த கட்சியை விட்டுவிட்டு, வெல்லக்கூடியவர்களில் தேவலை என்று படுபவருக்குப் போட்டுவிடுவார். இரண்டாவதைத்தான் நாம் 'ஓட்டு வீணாகிவிடும்' என்கிறோம்.

ஓட்டுக்கேற்ற பங்கு கிடைக்கும் முறையில் 'ஓட்டுப் பிரிப்பு' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் பொருள் இல்லை. என் ஓட்டு யாருடைய வெற்றியையும் கெடுக்காது. தன் பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். அப்புறம் வாக்காளர் கேட்கும் கேள்வியே மாறுகிறது. யார் ஜெயிப்பார் என்பது போய், எனக்காக யார் பேசுவார் என்று வருகிறது.

எங்கள் ஊரில் இதற்கு உயிருள்ள சான்று இந்திய வம்சாவளி அரசியல்வாதி அமிச்சந்த் ராஜ்பன்சியின் மைனாரிட்டி ஃப்ரண்ட், அதாவது சிறுபான்மை முன்னணி. 1993இல் தொடங்கியது, சாட்ஸ்வொர்த்து அதன் கோட்டை. 1994இல் வாக்காளர் கையில் இரண்டு சீட்டு, ஒன்று நாட்டுக்கு, ஒன்று மாகாணத்துக்கு. நாட்டுச் சீட்டில் அந்தக் கட்சிக்கு விழுந்தது ஏறத்தாழ 13 ஆயிரம். மாகாணச் சீட்டில் ஏறத்தாழ 49 ஆயிரம். ஒரே தேர்தல், ஒரே சாவடி. நாட்டை யார் ஆள்வது என்பதற்குப் பெரிய கட்சி, மாகாணத்தில் நம் குரல் கேட்க இந்தச் சின்னக் கட்சி என்று ஆயிரக்கணக்கானோர் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மாகாணத்தில் ஓர் இடம் கிடைத்தது.

1999இல் நடந்தது இன்னும் பெரிது. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்கு 266 இடம். அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு 400இல் 267 வேண்டும். குறைந்த அந்த ஓர் இடம் வந்தது சிறுபான்மை முன்னணியுடன் செய்துகொண்ட உடன்பாட்டால். அந்தக் கட்சி நாடு முழுவதும் வாங்கிய ஓட்டு ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. அதற்குப் போட்டவர்கள் எல்லோரும் அந்த உடன்பாட்டை மனத்தில் வைத்தா போட்டிருப்பார்கள்? இந்த முறையில் வாக்காளர் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இங்கே பிறக்கிறது: எண்ணி முடித்த பிறகு என் கட்சி யாரோடு போய்ச் சேரும்? எனக்கு இந்தக் கேள்வி முதலாவதைவிடக் கனமாகப் படுகிறது.

2011 டிசம்பரில் ராஜ்பன்சி காலமானார். 2014இல் கட்சி நாடாளுமன்றத்தில் இடமிழந்தது. மாகாணத்தில் 2019இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி, நான் பலகையில் போட்ட அந்த மிச்சக் கணக்கால் ஓர் இடத்தைத் தக்கவைத்தது. 2024இல் அதுவும் போயிற்று.

அதே 2024இல் மாகாணத்தின் கணக்கு எப்படி இருந்தது தெரியுமா? இன்காதா கட்சி 15 இடம், ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் 14, ஜனநாயகக் கூட்டணி 11. மூன்றும் சேர்ந்தால் சரியாக 40. எதிர்ப்பக்கம் எம்.கே. கட்சி 37, இ.எஃப்.எஃப். 2. நடுவில் நேஷனல் ஃப்ரீடம் பார்ட்டி, ஒரே ஓர் இடம். அது மூவரோடு சேர்ந்தது. 41க்கு 39 என்று ஆட்சி அமைந்தது. அந்த ஓர் இடத்தைச் சில்லறை என்று எந்த வாயால் சொல்வது?

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2024 நாட்டுச் சீட்டில் 52 கட்சிகள். உள்ளே போனவை 18. மற்றவற்றுக்கு விழுந்த ஓட்டு இங்கேயும் வீண்தான். பட்டியலில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதைக் கட்சிதான் முடிவு செய்கிறது. இலங்கையின் 'விருப்பு வாக்கு' போல அந்தப் பட்டியலுக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்க நமக்கு வழியில்லை.

இனித் தமிழ்ச் சொல். பிரதிநிதிக்குப் பேராளர் என்பார்கள் சிலர். மாநாட்டுக்கு வருபவரைச் சொல்ல நல்ல சொல்தான். ஆனால் அதிலிருந்து பண்புப்பெயர் எடுத்தால் பேராண்மை என்று வந்து நிற்கும். 'பேராண்மை என்ப தறுகண்' என்று வள்ளுவர் சொன்னது வீரத்தை. ஓட்டுக் கணக்குக்குள் வீரத்தை இழுத்துவிட வேண்டாம். சார்பாளர், சார்பாண்மை என்பவை பொருந்துகின்றன. நம் சார்பில் நிற்பவர் என்று கேட்டவுடனே விளங்கும்.

விகிதாசாரத்துக்கு நான் தேடிக் கண்டது பங்கு. பகு என்ற வேர். பகிர்வும் பகுப்பும் அதன் உறவுகள். பழந்தமிழில் பாதீடு என்றும் ஒரு சொல் உண்டு. கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் பகுத்துக்கொள்வதைத் தொல்காப்பியம் பாதீடு என்கிறது. அழகான சொல், ஆனால் இலங்கையில் இன்று அது வரவுசெலவுத் திட்டத்தைக் குறிக்கப் போய்விட்டது. பங்கீடு என்று வைக்கலாமா என்றால், தமிழ்நாட்டில் தொகுதிப் பங்கீடு கூட்டணிக் கட்சிகளின் பேரத்தைக் குறிக்கிறது, குழப்பும். வீதம் எல்லோர் வாயிலும் பழகியது: தலைக்கு இரண்டு வீதம் என்கிறோமே.

ஆகவே எழுத்தில் 'பங்குவீதச் சார்பாண்மை', பேச்சில் 'பங்குவீத முறை'. பாடநூலிலும் செய்தியிலும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் இருக்கட்டும். வேரூன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை பலகையில் இரண்டையும் எழுதினேன். பையன் நோட்டில் இரண்டாவதன் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'ஆயா, உங்க ஓட்டுக்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு.'