தோட்டத் தொழிலை வளர்க்க அரசுக் கடன், மானியம்: எந்த வாசலைத் தட்டுவது?

நாற்று வளர்த்து விற்பவர், வீடு வீடாகப் போய்த் தோட்டம் பராமரித்துக் கொடுப்பவர், தள்ளுவண்டியில் ரோஜாச் செடி விற்பவர் என்று மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் பிழைப்பு செடியால்தான். ஆனால் அரசுத் திட்டங்களின் கணக்கில் முதலாமவர் விவசாயி, இரண்டாமவர் சேவைத் தொழில் செய்பவர், மூன்றாமவர் சாலையோர வியாபாரி. இந்தப் பிரிவு தெரியாமல் போய் நிற்பதால்தான் பலருக்கு 'உங்களுக்கு இது வராது' என்ற பதில் கிடைக்கிறது. தகுதி இருந்தும் கதவு மாறிப்போகிறது. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைச் சிறிதாக நடத்திவந்து, இனி கொஞ்சம் பெரிதாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நர்சரி. குழித்தட்டில் காய்கறி நாற்று, பழக்கன்று வளர்த்து விற்பவர்கள் போக வேண்டிய இடம் தோட்டக்கலைத் துறை. வட்டார அளவில் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் கீழ் நிழல்வலைக் கூடம், சிறு நாற்றங்கால் போன்றவற்றுக்கு, அரசு நிர்ணயித்த செலவில் பாதி வரை மானியம் உண்டு. 'நிர்ணயித்த செலவு' என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அதைவிட அதிகமாகச் செலவழித்தாலும் மானியம் அரசின் கணக்குப்படிதான். தனியார் நாற்றங்காலுக்கு வருவது பின்னேற்பு மானியம். அதாவது வங்கிக் கடன் வாங்கி வேலையை முடித்து, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் மானியம் கடன் கணக்கில் சேரும். கையில் பணமே இல்லாமல் மானியத்தை மட்டும் நம்பிக் குழி தோண்ட ஆரம்பிக்காதீர்கள்.

நாற்றும் கன்றும் விற்க விதை விற்பனை உரிமம் வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இது கட்டாயம். மாவட்டத்தில் விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். உரிமம் வாங்கிய பிறகு இருப்புப் பதிவேடு வைக்க வேண்டும், ரகத்தின் பெயரோடு ரசீது கொடுக்க வேண்டும். சுமையாகத் தெரியலாம். ஆனால் உரிமமும் ரசீதுப் புத்தகமும் இருக்கிற நர்சரியை வங்கி மேலாளர் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

சரி, இப்போது தோட்டப் பராமரிப்புக்கு வருவோம். புல்வெளி போடுவது, செடி கத்தரிப்பது, மாடித்தோட்டம் அமைத்துக் கொடுப்பது, மாதச் சந்தாவில் உரம் வைத்து மருந்து அடிப்பது எல்லாம் சேவைத் தொழில். இவர்கள் முதல் வேலையாக உத்யம் பதிவு செய்ய வேண்டும். 2020 ஜூலை 1 முதல் சிறு தொழில்களுக்கான பதிவு இதுதான். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. பதிவின்போது தொழில் வகைக்கு ஒரு குறியீடு கேட்கும். தோட்டப் பராமரிப்புச் சேவைக்கு 8130 என்ற வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது முத்ரா, அதாவது சிறு தொழில்களுக்கான வங்கிக் கடன். 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் 20 லட்சம் வரை தருண் பிளஸ். இதில் மானியம் கிடையாது, வட்டியும் வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் அடமானம் கேட்கக் கூடாது. 10 லட்சம் வரையிலான சிறு தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே விதி வைத்திருக்கிறது. பிரஷ் கட்டர், பவர் ஸ்பிரேயர், தொட்டியும் மண்ணும் ஏற்றிப்போக ஒரு குட்டி யானை வண்டி, இதற்கெல்லாம் கடைக்காரரிடம் கொட்டேஷன் வாங்கி வங்கிக் கிளையில் கொடுக்கலாம். அரசுக் கடன் திட்டங்களுக்கான ஜன் சமர்த் இணையத் தளத்திலும் விண்ணப்பிக்கலாம்.

மானியம் வேண்டும் என்பவர்கள் எல்லோரும் விசாரிப்பது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை, அதாவது பி.எம்.இ.ஜி.பி.யை. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதிகம் இங்கேதான். சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை போகலாம். பொதுப்பிரிவு ஆண்களுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள், திருநங்கையர் ஆகியோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராமத்தில் இருக்கும் ஒரு பெண் 6 லட்சம் ரூபாய்க்கு ஒரு தோட்டச் சேவை நிறுவனம் தொடங்குகிறார். அவர் கைக்காசு 5 சதவீதம், 30,000 ரூபாய். மீதி 5,70,000 ரூபாயை வங்கி கொடுக்கும். மானியம் 35 சதவீதம், 2,10,000 ரூபாய். இந்தத் தொகை அவர் கைக்கு வராது. அவர் பெயரில் வங்கியில் வைப்பாக 3 வருடம் இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி போடக் கூடாது, வைப்புக்கும் வட்டி வராது. 3 வருடம் கழித்துத் தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் கடனில் கழிப்பார்கள். ஆக அவர் உண்மையில் சுமப்பது 3,60,000 ரூபாய் கடன். நடுவில் தொழிலை மூடிவிட்டால் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். சேவைத் தொழிலில் திட்ட மதிப்பு 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்பதும் அவருக்குப் பொருந்தும்.

இனி, தடுக்கிவிழும் இடங்கள். செடியைப் பயிராக வளர்ப்பது, அதாவது தோட்டக்கலைச் சாகுபடியும் மலர்ச் சாகுபடியும், இந்தத் திட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றோடு இணைந்த பண்ணை சாராத வேலைகளுக்கும் மதிப்புக் கூட்டலுக்கும் அனுமதி உண்டு. எனவே புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'நர்சரி வளர்ப்பு' என்று மொட்டையாக எழுதினால் விண்ணப்பம் நிற்கும். நீங்கள் செய்வது தோட்டம் அமைத்தலும் பராமரிப்பும் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். செய்யாததை எழுதச் சொல்லவில்லை, செய்வதைத் தெளிவாக எழுதச் சொல்கிறேன். சம்பளம், உரம், மண் போன்ற நடப்புச் செலவுக்கு மட்டும் பணம் கேட்டாலும் கிடைக்காது. கருவியோ இயந்திரமோ போல ஒரு மூலதனச் செலவு இருந்தாக வேண்டும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது புதிய தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கு முதல் கடன் தர மாட்டார்கள். வேறு அரசு மானியம் வாங்கியிருந்தாலும் வராது.

அப்படியானால் ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவருக்கு மானியமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றிப் போக வேண்டும். இதே திட்டத்தில் விரிவாக்கத்துக்கென்று இரண்டாவது கடன் ஒன்று உண்டு. சேவைத் தொழிலுக்கு 25 லட்சம் வரை, மானியம் 15 சதவீதம். முதலில் பி.எம்.இ.ஜி.பி. கடன் வாங்கியவர்கள் மட்டுமல்ல, முத்ரா கடன் வாங்கியவர்களும் இதற்குத் தகுதியானவர்கள். முந்தைய கடன் குறித்த காலத்தில் அடைபட்டிருக்க வேண்டும், தொழில் லாபத்தில் ஓட வேண்டும். அதனால் என் யோசனை இது: நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்குச் சின்ன முத்ரா கடன் ஒன்றை வாங்கி, தவணை தவறாமல் கட்டி, வரவு செலவை ஒரே வங்கிக் கணக்கில் நடத்தி, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்துவாருங்கள். வாடிக்கையாளர் ஜிபேயில் அனுப்பும் மாதச் சந்தாவும் அந்தக் கணக்கிலேயே விழட்டும். சில வருடத்தில் பெரிய கடனுக்குப் போகும்போது அந்தப் பாஸ்புக்தான் உங்களுக்காகப் பேசும். பி.எம்.இ.ஜி.பி.க்கு 2025-26 வரைக்கும்தான் ஒப்புதல் தரப்பட்டிருந்தது. அதனால் விண்ணப்பிக்கும் முன் நடப்பு நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை.

அதே மாவட்டத் தொழில் மையத்தில் மாநில அரசின் திட்டங்களையும் விசாரிக்கலாம். வேலையில்லா இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. அதில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. தகுதியுள்ளவர்கள் வேறெதையும் பார்க்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது. தள்ளுவண்டியில் செடி விற்பவர்களுக்கு, சாலையோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன். நகராட்சியிலோ மாநகராட்சியிலோ வாங்கிய வியாபாரி அடையாள அட்டையோடு வங்கிக்குப் போகலாம்.

வரி விஷயம் சுருக்கமாக. செடி, கன்றுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. தோட்டப் பராமரிப்புச் சேவைக்கு 18 சதவீதம். சேவை செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். இந்த 20 லட்சத்தில் வரியில்லாத செடி விற்பனையும் சேரும். சேவையில் 12 லட்சமும் செடி விற்பனையில் 9 லட்சமும் வந்தால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

உத்யம் பதிவால் கிடைக்கும் பெரிய பலன் கடன் அல்ல என்பது என் கருத்து. குடியிருப்புச் சங்கங்களுக்கும் கம்பெனி வளாகங்களுக்கும் வேலை செய்பவர்களின் பெரிய வேதனை, பில் கொடுத்து மாதக்கணக்கில் பணம் வராமல் இருப்பது. கூலியாட்களுக்கு வாரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும், வர வேண்டிய பணமோ நாளை நாளை என்று இழுபடும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கான அரசின் இணையத் தளத்தில் புகார் கொடுத்தால் மாநிலத்தில் உள்ள வசதியாக்கல் மன்றம் விசாரிக்கும். இதுபோக, கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி அந்தத் தொகையை, பணத்தைக் கொடுத்த வருடத்தின் செலவாகத்தான் வருமான வரியில் காட்ட முடியும். பல கணக்குப் பிரிவுகள் இதற்குத்தான் பயப்படுகின்றன. எனவே ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள், வேலை முடிந்த தேதியைப் போட்டுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பதிவு இல்லாமல் செய்த பழைய வேலைக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினம். அதனால் அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.