அண்ணே, அந்த லிமிட்டை மட்டும் எடுத்துவிடுங்க!

என் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு வேக லிமிட்டை எடுக்கச் சொல்லி இந்த வாரத்தில் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். எலெக்ட்ரிக் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, "அண்ணே, இருபத்தஞ்சுக்கு மேல போகவே மாட்டேங்குது. லிமிட்டை எடுத்துவிட்டுடுங்க" என்றார். முடியாது என்றேன். "பேட்டரி வண்டிதானே, லைசென்ஸே தேவையில்லைங்கிறாங்க, அப்புறம் என்ன?" என்று கேட்டார். முதல் இரண்டு பேரும் இதையேதான் கேட்டார்கள். வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

பேட்டரியில் ஓடுகிறது என்பதற்காக மட்டும் எனக்குத் தெரிந்து எந்த நாடும் லைசென்ஸிலிருந்து விலக்கு தரவில்லை. மெதுவாக, குறைந்த சக்தியில் ஓடுகிறது என்பதற்காகத் தந்திருக்கிறார்கள். இந்திய விதியில் மோட்டாரின் முப்பது நிமிடச் சக்தி, அதாவது அரை மணி நேரம் விடாமல் தரக்கூடிய சக்தி, 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். பெடல் உள்ள வண்டி என்றால் பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது, சரியான பிரேக்கும் வேண்டும். இதற்குள் அடங்கினால்தான் அது சைக்கிள் மாதிரி. ஐரோப்பாவில் தொடர் சக்தி 250 வாட், பெடல் மிதித்தால்தான் மோட்டார் உதவும், 25-ஐத் தொட்டதும் உதவி நின்றுவிடும். பிரிட்டனிலும் கிட்டத்தட்ட அதே கதைதான், ஓட்டுபவருக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் கொஞ்சம் தாராளம்: 750 வாட்டுக்குக் கீழே, மோட்டார் மட்டும் இழுத்தால் மணிக்கு 20 மைலுக்குள், அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. எண்கள்தான் மாறுகின்றன, எல்லா இடத்திலும் கோடு கிழித்திருப்பது சக்தியையும் வேகத்தையும் வைத்துத்தான்.

ஆக, லிமிட்டை எடுத்த நிமிஷமே உங்கள் சைக்கிள் சட்டத்தின் கண்ணில் பதிவு செய்யாத மோட்டார் வண்டி. நம்பர் பிளேட் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, ஓட்டுபவர் பள்ளிக்கூடப் பையன் என்றால் லைசென்ஸும் கிடையாது. யார் மீதாவது இடித்துவிட்டால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில். "யாரும் பிடிக்கிறதில்லையே" என்பார்கள். விழுந்த பிறகு வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள், அப்போது தெரியும்.

வாங்கும்போதே இதில் ஏமாறுபவர்களும் உண்டு. மோட்டாரில் 250 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். அதை நம்பி நிற்காமல், மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் பெட்டியான கன்ட்ரோலர் மேலே அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 36 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் 540 வாட். மேடு ஏறும்போது கொஞ்ச நேரம் அவ்வளவு இழுப்பது சகஜம், பயப்பட வேண்டாம். 48 வோல்ட், 30 ஆம்பியர் என்றால் 1,440 வாட். அந்த வண்டியில் 250 என்பது ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது. விற்பவர் "பட்டனை இப்படி அழுத்தினால் ஸ்பீடு கூடும் சார்" என்று கண்ணடித்தால், வேறு கடை பாருங்கள்.

சட்டத்தை விடுங்கள், இரும்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். போன மாதம் லிமிட் எடுத்த வண்டி ஒன்று வந்தது. சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டாரின் ஆக்ஸில், ஃபோர்க்கின் அலுமினியக் காடியைத் தேய்த்து வட்டமாக்கிவிட்டு தானே சுற்றியிருக்கிறது. உள்ளே போகும் ஒயர் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக் கிடந்தது. ஆக்ஸில் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் அந்த வண்டியில் இல்லவே இல்லை. கொண்டு வந்தவருக்கு முழங்கையில் கட்டு. 25 கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த வண்டியை 45-இல் ஓட்டினால், காற்றைக் கிழிக்க மட்டுமே ஏறக்குறைய ஆறு மடங்கு சக்தி வேண்டும். பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்கைத் தாண்டும். பேட்டரியும் ஒயரும் சூடாகாமல் வேறு என்ன செய்யும்?

பேட்டரி என்றதும் சார்ஜர் ஞாபகம் வருகிறது, இதையும் திட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி பேக் 42 வோல்ட்டில் நிறையும், 48 வோல்ட் பேக் 54.6-இல். இரண்டு சார்ஜரிலும் பேக்கில் செருகும் முனை பல நேரம் ஒரே மாதிரி இருக்கும், பொருந்தவும் செய்யும். பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டு சார்ஜரைச் செருகாதீர்கள். பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு தடுத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள், அதுவும் பழசாகும்.

மற்றபடி பராமரிப்பு பெரிய வித்தையில்லை. ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். ராத்திரி தூங்கும்போது வேண்டவே வேண்டாம். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டும் வேண்டாம், தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓட வேண்டிய வழி அது. உப்பிய பேக், கீழே விழுந்து நசுங்கிய பேக், தண்ணீரில் மூழ்கிய பேக், எதையும் "ஓடுதே" என்று ஓட்டாதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். பிரஷர் பம்ப் வைத்து ஹப்பில் அடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆக்ஸில் நட்டை மாதம் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பிரேக் லிவரைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறதா என்று மோட்டார் சுற்றும் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சோதியுங்கள், ஒரு நிமிஷ வேலை. சாதா சைக்கிளைவிட இது கனமான வண்டி, பிரேக் பேட் சீக்கிரம் தேயும்.

லிமிட் எடுக்க வந்தவரின் முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். லிவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பேட் தேய்ந்து இரும்பே தெரிந்தது. கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இதை மாத்திக் கொடுங்க, அது இருக்கட்டும்" என்றார். புது பேட் போட்டு அனுப்பினேன், அதே இருபத்தைந்தில்.