வழுக்கையில் முடி எங்கே போகிறது?

பளபளக்கும் வழுக்கைத் தலை ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், அங்கே முடி இருப்பது தெரியும். குழந்தையின் கன்னத்தில் இருப்பதைப் போன்ற, நிறமற்ற, குட்டையான பூனைமுடி உச்சியெங்கும் பரவியிருக்கும். ஒருகாலத்தில் தடித்துக் கறுத்து வளர்ந்த முடியின் அதே மயிர்க்கால்கள்தாம் இப்போது இந்தப் பூனைமுடியை வளர்க்கின்றன. ஆகவே, ஆண்களின் பரம்பரை வழுக்கையைப் புரிந்துகொள்ள, சீப்பில் வந்த முடியை எண்ணுவதைவிட, தலையில் மிஞ்சியிருக்கும் முடி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை இடைவிடாமல் முடியை வளர்த்து, பின் இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, பழைய முடியை உதிர்த்துவிட்டு மீண்டும் வளர்ச்சியைத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடிகள் வரை உதிர்வது இந்தச் சுழற்சியின் இயல்பான கணக்கே. வழுக்கை விழுபவரிடம் சுழற்சி நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் குறுகிக்கொண்டே போகிறது, மயிர்க்காலும் அளவில் சிறுத்துக்கொண்டே வருகிறது. ஆண்டுக்கணக்கில் வளர வேண்டிய முடி சில மாதங்களிலேயே விழுந்துவிட, அடுத்து வருவது அதனினும் மெல்லியதாக வருகிறது.

இதற்குக் காரணம் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். இரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை '5-ஆல்ஃபா ரிடக்டேஸ்' என்ற நொதி இதுவாக மாற்றுகிறது. அது மயிர்க்காலின் அடியிலுள்ள செல்களில், ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் சென்று ஒட்டிக்கொள்ளும்போது, வளர்ச்சியைக் குறைக்கும் சமிக்ஞைகள் பிறக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இதே ஆண் ஹார்மோன்கள்தாம் தாடியையும் மார்பு முடியையும் தடிக்கச் செய்கின்றன. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள முடியை அவை கண்டுகொள்வதே இல்லை. எனவே வழுக்கை விழுந்தவருக்கு ஆண் ஹார்மோன் மிகுதி என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. ஹார்மோனின் அளவு பெரும்பாலும் எல்லோரையும் போலவே இருக்க, உச்சியிலும் முன்நெற்றியிலும் உள்ள மயிர்க்கால்கள் மட்டும் அதற்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகின்றன. அந்த இயல்பைத் தருபவை மரபணுக்கள். ஏற்பிக்கான மரபணு, தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் 'தாய்மாமனைப் பார்த்தால் போதும்' என்று சொல்வதுண்டு. அது அரைகுறை உண்மை. தொடர்புடைய மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் தந்தை வழிக்கும் பங்குண்டு.

விதையடிக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் குறிப்பு ஒன்று உண்டு. 1942-இல் அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதை முறையாக ஆராய்ந்தார். இளமையிலேயே விரைகளின் செயல்பாட்டை இழந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு மட்டும் முடி உதிர்ந்து நெற்றி ஏறத் தொடங்கியது. மருந்தை நிறுத்தியதும் ஏற்றம் நின்றது, போன முடி திரும்பவில்லை. ஹார்மோனும் மரபும் சேர்ந்தே வழுக்கையை உண்டாக்குகின்றன என்பது அப்போது தெளிவாயிற்று. அடுத்த தடயம் டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. பிறப்பில் பெண் குழந்தைகளாகக் கருதப்பட்டு, பூப்புப் பருவத்தில் ஆண்மைக்குரிய மாற்றங்களைப் பெற்ற சிலரை ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1974-இல் எழுதினர். அவர்களிடம் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு இருந்தது; வளர்ந்த பின்பும், ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியிலுள்ள புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, நெற்றி ஏறவும் இல்லை. அந்த நொதியை மாத்திரையால் அடக்கினால் என்ன என்ற கேள்வியின் விடைதான் ஃபினாஸ்டரைடு.

புராஸ்டேட் வீக்கத்துக்காக 1992-இல் 5 மில்லிகிராம் மாத்திரையாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, 1997-இல் 1 மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் ஒப்புதல் பெற்றது. இரண்டாண்டுச் சோதனையில், மாத்திரை எடுத்தவர்களில் 83 விழுக்காட்டினருக்கு முடியின் எண்ணிக்கை குறையாமல் நின்றது. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 28 விழுக்காடு. பாலுணர்வு சார்ந்த பக்கவிளைவுகள் முறையே 3.8, 2.1 விழுக்காட்டினரிடம் பதிவாயின. மருந்தை நிறுத்திய பின்னும் சிலருக்கு அவை நீடிப்பதாக வந்த புகார்களால் 2012-இல் எச்சரிக்கைக் குறிப்பு விரிவாக்கப்பட்டது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை அளவை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், முடிக்காக மாத்திரை எடுப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

வழுக்கைக்கான இன்னொரு மருந்தான மினாக்சிடில் வந்த வழி வேறு. இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரை, நோயாளிகளின் உடலெங்கும் முடியை வளர்த்துவிட்டதால், 1988-இல் அது தலையில் தடவும் நீர்மமாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹார்மோனை இது தொடுவதில்லை. ஓய்விலுள்ள மயிர்க்காலை விரைவில் வளர்ச்சிக்குத் திருப்பி, அந்த வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது. புது முடி பழையதைத் தள்ளுவதால் முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். பலர் அஞ்சி மருந்தைக் கைவிடுவது அப்போதுதான். தடவிய மருந்தைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் நொதி மயிர்க்காலில் குறைவாக இருப்பவர்களுக்குப் பலன் சரியாகக் கிடைப்பதில்லை. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இம்மருந்து பூனைகளுக்குக் கொடிய நஞ்சு.

மொட்டையடித்தால் முடி அடர்ந்து வரும் என்பதும், எண்ணெய் தேய்த்தால் வழுக்கை மூடும் என்பதும் நம் வீடுகளில் நெடுங்காலமாக வாழ்பவை. வெளியே தெரியும் முடித்தண்டு உயிரற்றது. மழித்த முனை மழுங்கியிருப்பதால் முடி தடித்ததாகத் தோன்றும், எண்ணெய் அதற்கு மினுமினுப்பைத் தரும், அவ்வளவுதான். கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும் முடியும், வட்டமாக விழும் பூச்சிவெட்டும் வேறு நோய்கள். காய்ச்சலில் கொட்டிய முடி தானாகவே திரும்பும்போது, தடவிய எண்ணெய்க்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

மருந்துகள் சிறுத்துவரும் மயிர்க்காலைத்தான் மீட்கும். பல்லாண்டுகள் பூனைமுடியாகவே கிடந்ததை அவற்றால் திருப்புவது அரிது. அந்நிலையில் எஞ்சுவது முடி நடவு. 1952-இல் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக், பிடரி முடியை முன்தலையில் நட்டு, இடம் மாறினாலும் அது தன் பழைய குணத்தை விடுவதில்லை என்று கண்டார். அன்று பெரிய துண்டுகளாக நட்டதால் பொம்மைத் தலைபோல் தெரிந்தது. இன்று ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட இயற்கைக் கொத்துகளாகவே எடுத்து நடுகிறார்கள். பிடரியின் இருப்பு வரம்புக்குட்பட்டது, எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. இருபத்திரண்டு வயதில் நெற்றியோரத்தை நிரப்பிக்கொண்டு மருந்தை விட்டுவிடும் ஒருவருக்கு, நட்ட முடி அப்படியே நிற்க, அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி தன் போக்கில் சிறுத்துப்போய், நாற்பதாம் வயதில் முன்தலையில் ஒரு தீவு மட்டும் மிஞ்சியிருக்கும்.