பழைய மோட்டாரை மினுக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது நல்ல மவுசு. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன ஹோண்டா சி70, தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) வைத்திருந்த வெஸ்பா, அப்பா வாலிபத்தில் ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ்ஸெட் என்று, லயத்து வீட்டுப் பின்பக்கம் சாக்குப் போட்டு மூடிக் கிடந்ததெல்லாம் வெளியே வருகின்றன. பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதில் சந்தோஷம்தான், வருமானமும் உண்டு. ஆனால் வண்டியைக் கொண்டு வருபவர்கள் செய்யச் சொல்லும் வேலைகளின் வரிசை கவலை தருகிறது. முதலில் பெயிண்ட். அப்புறம் குரோம். அப்புறம் இன்ஜின், கார்புரேட்டர், சைலன்சர். பிரேக்கைப் பற்றிக் கேட்டால், “அது பிடிக்குது அண்ணே, விடுங்க” என்று பதில் வரும்.

பட்டறை வாசலில் உருட்டிப் பார்த்தபோது நின்றது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே ஓடும் பழைய நெடுஞ்சாலையில், மழை ஈரத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி திடீரென்று தோட்டத்துப் பாதைக்குள் திரும்பும்போது அது நிற்குமா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தனியார் மோட்டார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை எதுவும் நம் நாட்டில் கிடையாது. இன்சூரன்ஸைப் புதுப்பித்து ரோடு டாக்ஸ் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சக்கரத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காமலேயே ஒரு வண்டி பல வருஷம் ஓடிவிடலாம். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

சி70 போன்ற பழைய கப்சாய்களில், அதாவது சின்ன மோட்டார்களில், இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவில் உள்ள டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். பிரேக்கை அழுத்தினால் கேம் என்ற சின்ன உலோகத் துண்டு திரும்பி அவற்றை விரிக்கும், ஷூ டிரம்மின் உள்சுவரில் உராய்ந்து சக்கரம் நிற்கும். ஷூ தேயத் தேய, கேம் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் பிரேக் கம்பியின் நுனியில் உள்ள நட்டை முறுக்குகிறோம். பல ஹோண்டா வண்டிகளில், வெளியிலிருந்து கேமைத் திருப்பும் பிரேக் ஆர்முக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்தபடி அதைப் பாருங்கள். தகட்டில் உள்ள அடையாளத்தை அம்பு தொட்டுவிட்டால் ஷூ தீர்ந்துவிட்டது. கழற்றாமலே பார்க்கலாம், அரை நிமிஷம்கூட ஆகாது.

இங்கேதான் ஒரு மோசமான குறுக்கு வழி நடக்கிறது. நட்டை முறுக்க மரை மிச்சமில்லை என்றால் ஷூவை மாற்றுவதுதான் முறை. சில போமன்கள் (மெக்கானிக்குகள்) அதைச் செய்யாமல், ஆர்மைக் கழற்றிக் கேம் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். உடனே பிரேக் இறுக்கமாகிவிடும், வாடிக்கையாளரும் சிரித்த முகமாகப் போவார். உள்ளே கேம் கிட்டத்தட்ட கடைசி வரை திரும்பி நிற்கும். பதறிப்போய் ஓங்கி மிதிக்கிற நேரத்தில் அது அளவுக்கு மீறித் திரும்பி, ஷூவை விரித்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆர்மிலும் கேம் தண்டிலும் ஆளுக்கொரு புள்ளி குத்தியிருப்பார்கள். இரண்டும் நேராகச் சேர்ந்திருக்க வேண்டும். விலகியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஜோடி ஷூவின் விலை, நீங்கள் குரோமுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சின்னப் பங்குதான். அதை மிச்சம் பிடிக்க ஏன் இந்த வித்தையோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

தோட்டத்தில் உழைத்த வண்டி என்றால் டிரம்மைத் திறந்தே ஆக வேண்டும். செம்மண்ணும் ஓடைத் தண்ணீரும் புகுந்து உள்சுவரைக் கோடுகோடாகத் தின்றிருக்கும். எவ்வளவு விட்டம் வரை தேயலாம் என்ற அளவைப் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டியிருந்தால் புது ஷூ போட்டும் பயனில்லை. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டும் உர மூட்டையும் சுமந்த வண்டிகளில் ஸ்போக்கும் ரிம்மும் அரித்திருக்கும். குரோம் பூசினால் அரிப்பு மறையும், ஆனால் ரிம்முக்குப் பழைய பலம் வராது.

வீட்டிலேயே டிரம்மைத் திறக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், நுரையீரலுக்குள் போனால் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

டயருக்கும் வயது உண்டு. பால்மரத்தை நம்பி வாழ்ந்த ஊருக்கு ரப்பரைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் டயரின் பூ (மேலே உள்ள வரிப்பள்ளம்) தேயவில்லை என்று பழைய டயரோடு வந்து நிற்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தியது, பேசாமல் கழற்றிவிடுங்கள். வெஸ்பாவுக்கென்று தேடி வாங்கும் வெள்ளைப் பட்டை டயர்களில் கடையிலேயே பல வருஷம் தூங்கியவையும் உண்டு. காசு கொடுக்குமுன் எண்ணைப் பாருங்கள்.

வெஸ்பா 1946இல் இத்தாலியில் பிறந்த வண்டி. அதன் பழைய மாடல்களில் ரிம் இரண்டு பாதியாக வரும், நட்டுப் போட்டு இணைத்திருப்பார்கள். நடுரோட்டில் டயர் மாற்ற வசதிதான். ஆனால் சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரு பாதியைச் சேர்க்கும் நட்டுகள் வேறு. உள்ளே காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும். விரல் போகலாம், முகம் கிழியலாம். முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்குங்கள், அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள். இன்னொன்று, பழைய வெஸ்பாவின் முன் பிரேக் புதுசாக இருந்த காலத்திலேயே சுமார்தான். முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடம் விட்டு ஓட்டுங்கள்.

ஆர்எக்ஸ்ஸெட், பழைய வெஸ்பா போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில், இன்ஜினுக்குள் உராய்வைக் குறைக்கும் 2டி எண்ணெய் தீர்ந்தால் பிஸ்டன் சிக்கிப் பின்சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். ஆர்எக்ஸ்ஸெட்டில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு, அதன் பம்ப்பைப் பிடுங்கிவிட்ட வண்டி என்றால் பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓடும்போது இன்ஜின் திடீரென்று இழுத்துப் பிடித்தால், உடனே கிளட்ச்சை அழுத்துங்கள்.

விளக்கு விஷயம் சுருக்கமாக. 1992 முதல் பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்பது இங்கே விதி. 6 வோல்ட் சி70இல் இன்ஜின் மெதுவாக ஓடினால் விளக்கும் மங்கிவிடும். 12 வோல்ட்டுக்கு மாற்றுவது நல்லது, ஆனால் பல்பை மட்டும் மாற்றினால் நடக்காது, மின்சாரம் தரும் காயில், அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போனால், விற்பவர் முதலில் ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்கச் சொல்வார். கேளுங்கள், தப்பில்லை. பிறகு ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நட்டில் எவ்வளவு மரை மிச்சம், அம்பு எங்கே நிற்கிறது, டயரில் என்ன எண் என்று பார்த்துவிட்டு, டிரம்மைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் இரண்டு ஜோடி ஷூ, இரண்டு டயர், டியூப், கூலி எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.