மை ஏறும் கழுத்து: தூரிகைக்குள் நடக்கும் அறிவியல்

மையில் வரைவோரின் தூரிகை பெரும்பாலும் நுனியில் கெடத் தொடங்குவதில்லை. முடிக்கற்றையைக் கைப்பிடியோடு இணைக்கும் உலோகக் குழலுக்குள், அதாவது தூரிகையின் கழுத்துக்குள், கண்ணில் படாத இடத்தில்தான் கேடு தொடங்குகிறது. அங்கே மையைக் கொண்டு சேர்ப்பதும், கூர்மையான கோட்டை நமக்குத் தருவதும் ஒரே விசைதான். இதை விளங்கிக்கொண்டால் எந்தத் தூரிகையை வாங்குவது, எப்படிக் கழுவுவது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நீரில் மூழ்கியிருக்கும்போது தூரிகையின் முடிகள் விரிந்து மிதக்கின்றன. வெளியே எடுத்ததும் அவை ஒன்றுசேர்ந்து கூராகின்றன. நீர் தன் புறப்பரப்பைச் சுருக்கிக்கொள்ள முயல்வதால் ஈர முடிகளை ஒன்றோடொன்று இழுத்து வைக்கிறது. இந்தப் பரப்பு இழுவிசையும், முடியின் மேல் நீர் ஒட்டும் தன்மையும் சேர்ந்து குறுகிய இடைவெளிகளில் நீரை மேலே இழுப்பதே நுண்புழை ஏற்றம். 0.1 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தூய நீர் கோட்பாட்டளவில் சுமார் 30 செ.மீ. உயரம் வரை ஏறக்கூடும். தூரிகை முடிகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் பெரும்பாலும் அதைவிடக் குறுகியவை. நுனியிலிருந்து கழுத்துக்கு உள்ள தூரமோ இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே. ஆகவே தூரிகையை அடிவரை மையில் முக்கினால் மை கழுத்துக்குள் ஏறுவதைத் தடுக்க எதுவும் இல்லை. முடியின் நீளத்தில் பாதிக்கு மேல் மையில் தோய்க்கக் கூடாது என்பதும், தோய்க்கும் முன் தூய நீரில் நனைத்து உதறிக்கொள்ள வேண்டும் என்பதும் இதனால்தான். முதலில் ஏறிய நீர் கழுத்திலுள்ள இடைவெளிகளை நிரப்பிவிடுவதால், பின்னால் வரும் மைக்கு அங்கே இடம் குறைகிறது.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த காளஹஸ்தியின் கலம்காரிக் கைவினைஞர்கள் இதே விசையை வேறு வழியில் கையாள்கிறார்கள். கூராகச் சீவிய மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி, நூலால் கட்டிவிடுகிறார்கள். கம்பளி சாயத்தை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் மெல்ல அழுத்தும்போது அது நுனிக்கு இறங்கும். அவர்களுடைய கறுப்பு, இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து எடுக்கும் கரைசல். கடுக்காயில் ஊறிய துணியில் பட்ட பிறகே அது முழுக் கறுப்பாகிறது. கடைகளில் கிடைக்கும் இண்டியன் இங்க் அப்படிப்பட்ட கரைசல் அன்று. மிக நுண்ணிய கரித்துகள்கள் நீரில் மிதக்கும் கலவை அது. துகள்களைத் தாளோடு பிணைக்கப் பல தயாரிப்புகளில் அவலரக்கை (ஷெல்லாக்) சேர்க்கிறார்கள். அவலரக்கு வெறும் நீரில் கரையாது என்பதால் வெங்காரம் போன்ற காரப்பொருளின் உதவியோடு அதைக் கரைக்கிறார்கள். உலர்ந்த பிறகு அது மீண்டும் நீரில் கரைவதில்லை. படம் நனைந்தாலும் அழியாமல் இருப்பதற்கான காரணமும், கழுத்துக்குள் உலர்ந்த மை முடிகளை அடியிலிருந்தே விலக்கிப் பிளந்துவிடுவதற்கான காரணமும் இதுவே. வேலூரின் கோடையில், மின்விசிறியின் கீழ் வேலை செய்யும்போது, இது சில நிமிடங்களில் நடந்துவிடும். வரைந்துகொண்டிருக்கும்போதே அவ்வப்போது தூரிகையை நீரில் அலசுவது இந்த ஊரில் கட்டாயம்.

வாங்கும்போது விலையைவிட நுனியைப் பாருங்கள். விலங்கின் முடி இயற்கையிலேயே நுனியில் மெலிந்து நடுவில் பருத்திருக்கும். நல்ல தூரிகை செய்பவர்கள் அந்த நுனியை வெட்டாமல் அடிப்பக்கத்தை மட்டுமே சமன்செய்கிறார்கள். கடையில் தூரிகையை நீரில் நனைத்து ஒருமுறை உதறினால் முடிகள் ஒரே கூராகச் சேர வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் அதை வாங்க வேண்டாம். நகத்தின் மேல் மெல்ல வளைத்துவிட்டால் அது உடனே நிமிரவும் வேண்டும். சைபீரிய மரநாய் எனப்படும் வீசலின் வால்முடியான கொலின்ஸ்கி, மையைத் தேக்கும் வயிற்றையும் நிமிரும் துள்ளலையும் ஒருசேரத் தருவதால் கோட்டு வேலைக்கு மிகவும் விரும்பப்படுகிறது. அணில் முடி நிறைய மையை ஏந்தினாலும் துவண்டுவிடும். கீரிப்பிள்ளை முடித் தூரிகையை யாரும் வாங்கவே கூடாது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதன் வணிகம் குற்றம். ஒரு கோட்டின் அழகுக்காகக் கீரிகளைக் கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. என் பரிந்துரை, பத்துத் தூரிகைகள் அடங்கிய பெட்டிக்குப் பதிலாக, நடுத்தர அளவில் கூர் நன்றாக நிற்கும் ஒன்றை வாங்குவதுதான். நுனி நன்றாக இருந்தால் மெல்லிய கோட்டையும் தடித்த கோட்டையும் அதுவே தரும். பெரிய பரப்பைக் கறுப்பால் நிரப்ப மட்டும் மலிவான நைலான் தூரிகை ஒன்று தனியாக இருக்கட்டும்.

இங்குள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. தோல் ஆலைக் கழிவால் உப்பேறிய இடங்களும் உண்டு. மையில் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்கு அவற்றின் மேலுள்ள ஒத்த மின்னூட்டமும் ஒரு காரணம். நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் அந்த விலக்கு விசையைக் குலைப்பதால் துகள்கள் திரண்டு மை திரிந்துபோகிறது. அவலரக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகப் படிகிறது. ஆகவே மையை நீர்க்கச் செய்வதற்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்த வேண்டும். சோப்பும் கடின நீரில் வெண்ணிறக் கசடாகி முடிகளுக்கிடையே தங்கும். கடைசி அலசலுக்காவது மழைநீரோ வடிகட்டிய நீரோ தேவை.

எந்தச் சோப்பு என்ற கேள்விக்கு இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளே விடை சொல்லும். அங்கே தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பையும் சோடியம் சல்பைடையும் பயன்படுத்துகிறார்கள். முடியின் கெரட்டின் புரதத்தைக் கெட்டியாகப் பிணைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். காரக் கரைசலில் சல்பைடு அவற்றை அறுத்து முடியைக் கூழாக்குகிறது. துணி சோப்பும் சலவைச் சோடாவும் அவ்வளவு கொடியவை அல்ல, ஆனாலும் காரத்தன்மை உடையவை. அடிக்கடி பயன்படுத்தினால் முடி வீங்கி, சொரசொரப்பாகி, உடையும். தலைக்குப் போடும் மிதமான ஷாம்பு போதும். உள்ளங்கையில் சிறிது ஊற்றி, கழுத்தையொட்டிய பகுதியை விரல்களால் பிதுக்கிப் பிதுக்கி, நுரையில் கறுப்பு வருவது நிற்கும் வரை கழுவ வேண்டும். உள்ளே மை உலர்ந்துவிட்டிருந்தால், அவலரக்கை ஸ்பிரிட் கரைக்கும் என்பதால், முடிப்பகுதியை அதில் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். அதன் பிறகு ஷாம்பு போட்டு, கரைந்த மையையும் ஸ்பிரிட்டையும் கழுவிவிடுவது அவசியம். ஸ்பிரிட் முடியிலுள்ள எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். வெந்நீர் வேண்டாம், கழுத்துக்குள் முடியைப் பிடித்திருக்கும் பசை தளரக்கூடும்.

கழுவியதும் நுனியை விரலால் கூராக்கிவிட வேண்டும். ஈரத்தில் கெரட்டினின் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. உலரும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே அவை மீண்டும் அமைகின்றன. நுனி அடியில் படும்படி நீர்க்குவளையில் நிற்கவிட்ட தூரிகை கொக்கிபோல் வளைந்து நிற்பது அதனால்தான். அப்படி வளைந்த முடியை மீண்டும் நனைத்து, கூராக்கி உலரவிட்டால் ஓரளவு திருத்தலாம். நைலானின் வளைவு வேறு வகையானது. அதைச் சில விநாடிகள் மட்டும் சூடான நீரில் காட்டி நேராக்கினால் பெரும்பாலும் நிமிரும். வெந்நீருக்கு உள்ள ஒரே விதிவிலக்கு இது.

படுக்கை வாட்டத்தில் உலரவைத்தால் நீர் கழுத்துக்குள் இறங்காது. மரக் கைப்பிடி ஊதிச் சுருங்குவதும் அதன் மேற்பூச்சு வெடிப்பதும் குறையும். முழுவதும் உலரும் முன் மூடிய குழாயில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். நாள்பட எடுத்து வைக்கும் இயற்கை முடித் தூரிகைகளைக் கம்பளி தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் அரிக்கும். அழுக்கும் பசையும் தங்கிய முடியை அவை முதலில் நாடுகின்றன. சுத்தமாகக் கழுவி, நன்கு உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் நாப்தலின் உருண்டை ஒன்றோடு வைத்தால் அடுத்த வேலை வரை அவை அப்படியே இருக்கும்.