பழைய டெலி லென்ஸைத் திறக்கும் முன் கேமரா மெனுவைத் திறந்து பாருங்கள்

"சார், லென்ஸ் சாஃப்ட்டா இருக்கு, படம் கூர்மையா வரல. உள்ளே ஏதோ கண்ணாடி நகந்திருக்கும்போல. திறந்து பாத்துடுங்க."

மேஜைமேல் வந்து உட்கார்ந்தது 1980களில் செய்த ஒரு 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ். முழுக்க உலோகம். போகஸ் ரிங்கைச் சுற்றினால் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பூஞ்சை இல்லை, உள்மங்கல் இல்லை, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்க் கசிவும் இல்லை. லென்ஸை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய மிரர்லெஸ் கேமராவைக் கேட்டு வாங்கி மெனுவுக்குள் போனேன். கை நடுக்கத்தை ஈடுகட்டும் அதிர்வுத் தடுப்புக்கான குவியத்தூரம், அதாவது லென்ஸின் மி.மீ. எண், 50 என்று கிடந்தது. முன்பு எப்போதோ மாட்டிய 50 மி.மீ. லென்ஸுக்காக அவரே வைத்தது. 300 என்று மாற்றி, கையில் பிடித்தபடியே எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப திறக்கவே வேண்டாமா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

லென்ஸ் சர்வீஸ் செய்து பிழைப்பவன் இதை எழுதக் கூடாதுதான். ஆனால் 'சாஃப்ட்' என்று சொல்லி என்னிடம் வரும் பழைய டெலி லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை நான் திறப்பதே இல்லை. இன்றைய லென்ஸ் மாட்டிய நொடியிலேயே தான் யார், எத்தனை மி.மீ., அபெர்ச்சர் எவ்வளவு என்று கேமராவிடம் ஒப்பித்துவிடுகிறது. பழைய லென்ஸுக்கு வாய் கிடையாது. அதற்குப் பதிலாக நீங்கள்தான் பேச வேண்டும். நீங்களும் பேசாமல் இருந்தால் கேமரா தன் பாட்டுக்கு எதையாவது நினைத்துக்கொள்ளும்.

அந்த 50, 300 விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கை நடுங்கும்போது கேமரா ஒரு சிறு கோணம் திரும்புகிறது. அதே கோணத்துக்கு 300 மி.மீ. லென்ஸில் பிம்பம் நகரும் தூரம், 50 மி.மீ. லென்ஸில் நகர்வதைப்போல 6 மடங்கு. சென்சாரை எவ்வளவு எதிர்த்திசையில் நகர்த்துவது என்பதைக் கேமரா இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 50 என்று சொல்லிவிட்டு 300-ஐ மாட்டினால் நடுக்கத்தில் ஆறில் ஒரு பங்குதான் ஈடாகும். தலைகீழ்த் தவறு இன்னும் மோசம்: 300 என்று விட்டுவிட்டு 50-ஐ மாட்டினால், தேவைக்கு 6 மடங்கு சென்சார் ஆடி, இல்லாத நடுக்கத்தைக் கேமராவே உண்டாக்கிவிடும். தடுப்பை அணைத்து வைத்திருந்தால்கூடப் படம் நன்றாக வந்திருக்கும்.

ஜூம் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள், 80–200-க்கு எந்த எண் என்று. ஒவ்வொரு முறையும் மாற்றுவதுதான் சரி. அதற்குப் பொறுமை இல்லையென்றால் நடுவில் 135 வையுங்கள். 200-இல் மூன்றில் இரண்டு பங்கு நடுக்கம் ஈடாகும். 80-இல் கொஞ்சம் மிகையாக ஆடினாலும் அணைத்து வைத்ததைவிட மேல்தான். நீங்கள் வைக்கும் எண் உண்மையான குவியத்தூரத்தின் இரண்டு மடங்கைத் தாண்டும்போதுதான் நன்மை தீமையாக மாறுகிறது. இன்னொரு குழப்பம், முழு அளவைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருப்பவர்களுக்கு. 300-ஐ 1.5-ஆல் பெருக்கி 450 என்று வைக்க வேண்டாம். லென்ஸ் உடம்பில் என்ன பொறித்திருக்கிறதோ அதுவே போதும்.

ஷட்டரே விழவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற பொருளில் ஓர் அமைப்பு மெனுவில் இருக்கும். பேசாத லென்ஸ் கேமராவின் கணக்கில் இல்லாத லென்ஸ்தான். அதை அனுமதித்துவிட்டால் முடிந்தது.

அடுத்தது அடாப்டர். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மவுண்ட்டின், அதாவது லென்ஸை மாட்டும் வாயின், முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரம் வைத்திருந்தது. நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ., கேனன் எஃப்டியில் 42. பிம்பத்தைத் திருப்பும் கண்ணாடி மடங்கும் அறை இல்லாத மிரர்லெஸ் உடம்பில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. சோனி இ மவுண்ட்டுக்கு 18, நிக்கான் இசட்டுக்கு 16. மிச்ச இடத்தை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். 46.5-இலிருந்து 18-ஐக் கழித்தால் 28.5 மி.மீ. குழாய், அவ்வளவுதான் சூட்சுமம். 1987-இல் கேனன் ஆட்டோபோகஸுக்காக ஈஎஃப் மவுண்ட்டுக்குத் தாவியபோது புதுத் தூரம் 44 ஆனது. 42-க்கு வடித்த எஃப்டி லென்ஸ் அதில் இன்ஃபினிட்டியை, அதாவது வெகுதூரப் பொருளுக்கான போகஸை, எட்டாது. இடையில் ஒரு திருத்தக் கண்ணாடி வைத்தால்தான் எட்டும், அந்தக் கண்ணாடி கூர்மையைக் கெடுக்கும். அதனால்தான் அருமையான எஃப்டி டெலி லென்ஸ்கள் பல வருடம் அலமாரியில் தூங்கின. மிரர்லெஸ் வந்துதான் அவற்றுக்கு விடிந்தது.

இந்தக் குழாயை வார்ப்பவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். இன்ஃபினிட்டி எட்டவில்லை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக இம்மி குறைத்தே கடைவார்கள். விளைவு, ரிங்கை முட்டுமட்டும் சுற்றினால் லென்ஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போய்விடும். போதாததற்கு, வெயிலிலும் குளிரிலும் லென்ஸின் உடம்பும் கண்ணாடியும் நீண்டு சுருங்கும் என்பதால் பல நீள லென்ஸ்களைத் தயாரித்தவர்களே இன்ஃபினிட்டிக்கு அப்பால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். இது தெரியாமல் நிலாவுக்கும் மலைக்கும் ரிங்கைக் கடைசிவரை சுற்றிவிட்டு 'சாஃப்ட்' என்பார்கள். அடாப்டர் வெறும் 0.1 மி.மீ. குட்டை என்று வையுங்கள். எஃப்/4-இல் அந்தத் தவறு ஒரு புள்ளியை 0.025 மி.மீ. வட்டமாக விரிக்கும். 24 மெகாபிக்சல் முழு அளவு சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.006 மி.மீ. கூர்மையாக விழவேண்டிய நட்சத்திரம் நாலு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும். லென்ஸின்மேல் ஒரு குற்றமும் இல்லை. நிலாவானாலும் கண்ணால் பார்த்தே போகஸ் செய்யுங்கள். முட்டில் நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள்.

கிட்டத்தில் உள்ள பொருளுக்கும் இதே கறார்தான். 300 மி.மீ., எஃப்/4, 10 மீட்டரில் ஒரு பறவை. ஃபிலிம் காலத்துக் கணக்கில் முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 26 செ.மீ. கூர்மையாகத் தெரியும். அந்தக் கணக்கு சிறிய பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கானது. இன்று நாம் திரையில் பிக்சல் பிக்சலாகப் பெரிதாக்கிக் குற்றம் கண்டுபிடிக்கிறோம். அந்த அளவுகோலில் 26 என்பது 5 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. அலகுக்குப் போகஸ் வைத்தால் கண் நிற்கும், வால் போய்விடும்.

போகஸ் பீக்கிங் என்ற வண்ணக் கோட்டை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். அது கூர்மையைக் காட்டுவதில்லை, ஒளியும் நிழலும் சட்டென்று மாறும் விளிம்பைத்தான் காட்டுகிறது. பிரகாசமான வானத்துக்கு எதிரே இருக்கும் கிளை, போகஸ் தள்ளியிருந்தாலும் சிவப்பாக மின்னும். என் பழக்கம் இப்படி: பீக்கிங் அளவைக் குறைவில் வைத்துத் தோராயமான இடத்தைப் பிடிப்பேன். பிறகு வியூஃபைண்டரைப் பெரிதாக்கிக் கண்ணில் நிறுத்துவேன். படக் காட்சியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் கோடு தனியாகத் தெரியும். கிளிக் செய்யும் முன் ரிங்கை ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் மெல்ல அசைத்தபடி நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுப்பேன். ஒன்றில் கண் உட்கார்ந்துவிடும். பறக்கும் பறவையைத் துரத்தும் வேலைக்கு இந்த லென்ஸ்களை நான் சொல்லமாட்டேன். அது வந்து அமரும் கொம்பில் முன்கூட்டியே போகஸ் வைத்துக் காத்திருக்கலாம். நிக்கான் ரிங்கும் கேனன் ரிங்கும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் என்பதால், இரண்டையும் வைத்திருப்பவர் அவசரத்தில் தப்பான பக்கம் சுற்றுவதும் சகஜம். நானே இன்னும் சுற்றுகிறேன்.

தடுப்பு சரியாக வேலை செய்தாலும் ஷட்டர் வேகத்தை அதன் தலையில் கட்டிவிடாதீர்கள். 300-க்கு 1/300 வினாடி என்பதும் பிரிண்ட் காலத்து விதிதான். பிக்சல் அளவில் பார்ப்பவர் 1/600-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஏபிஎஸ்-சியில் 1/1000. ட்ரைபாடில் ஏற்றினால் தடுப்பை அணைத்துவிட்டு 2 வினாடி டைமரில் எடுங்கள். ஏற்றும்போது லென்ஸைச் சுற்றியிருக்கும் காலர் வளையத்தைத்தான் ட்ரைபாடில் திருக வேண்டும், கேமராவின் அடியை அல்ல. 300 மி.மீ. எஃப்/2.8 ரகங்கள் இரண்டு கிலோவைத் தாண்டும். அத்தனை பாரமும் அடாப்டரின் மெல்லிய நாக்குகளில் தொங்கினால் லென்ஸ் இம்மி சாயும், படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். ஒரு பக்க மங்கல் என்று வந்தவற்றில் சிலவற்றுக்கு நான் அடாப்டரின் திருகுகளை இறுக்கியதோடு சரி.

அபெர்ச்சர் மூடாத கதையும் இதோடு சேர்ந்ததே. எஃப்டி அடாப்டரில் லென்ஸின் அபெர்ச்சர் நெம்பை (நெம்புகோலை) இயக்க ஒரு வளையம் இருக்கும். அது தப்பான பக்கம் நின்றால் ரிங்கில் எஃப்/8 வைத்தாலும் இதழ்கள் திறந்தே கிடக்கும். திருகி மாட்டும் எம்42 லென்ஸ்களில் பின்னால் ஒரு சிறு ஊசி உண்டு. அதை அழுத்தும் அடாப்டர் வேண்டும், அல்லது லென்ஸிலேயே ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் இருந்தால் மேனுவலுக்குத் தள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் லென்ஸின் முன்பக்கம் வழியாகப் பார்த்தபடி ரிங்கைச் சுற்றுங்கள். இதழ்கள் அசைவது தெரியும்.

உண்மையிலேயே லென்ஸின் குற்றம் என்று ஒன்று உண்டு, அது நிறப்பிரிகை. வெண்ணிறச் சிறகின் ஓரத்தில் ஊதா, அதன் பின்னால் பச்சை. சாதாரணக் கண்ணாடியில் செய்த நீளக் குவியத்தூர லென்ஸ், எல்லா நிறத்தையும் ஒரே தளத்தில் குவிக்கத் திணறும். கேனன் 1969-லேயே 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் செயற்கை ஃப்ளோரைட் படிகத்தைப் போட்டது இந்தத் தலைவலிக்காகத்தான். ஃப்ளோரைட்டோ, 'ஈடி' போன்ற குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடியோ இல்லாத லென்ஸ் என்றால் எஃப்/8 வரை மூடிப் பாருங்கள், பெரும்பகுதி அடங்கும். படத்தின் ஓரங்களில் மட்டும் தெரியும் நிறக்கோடு வேறு வகை. அதை மென்பொருள் ஒரே சொடுக்கில் துடைத்துவிடும். நடுவிலும் தெரியும் ஊதா அவ்வளவு எளிதில் போகாது.

படம் முழுக்க வெளிறி, நடுவில் ஒரு மங்கலான வெளிச்ச வட்டம் தெரிந்தால் அடாப்டருக்குள் எட்டிப் பாருங்கள். உட்சுவர் பளபளக்கும். சென்சார் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது ஃபிலிம் காலத்து லென்ஸுக்குத் தெரியாது. உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் வெளிறல் பெருமளவு குறையும். நீள ஹூட் போடுவதும் கட்டாயம்.

மதிய வெயிலில் தூரத்துப் பொருள் நெளிந்து தெரிந்தால் அது சூடான காற்று. லென்ஸையோ ட்ரைபாடையோ மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. விடியற்காலையில் போங்கள், அல்லது கிட்டே போங்கள்.

இனி உடைத்துக்கொண்டு வருபவை. 1977-க்கு முந்தைய, ஏஐ என்ற புது அபெர்ச்சர் இணைப்புக்கு மாற்றப்படாத நிக்கான் லென்ஸைக் கண்ணாடி மடங்கும் டிஎஸ்எல்ஆரில் நேரடியாக மாட்டினால், அதன் அபெர்ச்சர் ரிங் விளிம்பு மவுண்ட்டைச் சுற்றியுள்ள சிறு நெம்பை ஒடித்துவிடலாம். நெம்பு உள்ள உடம்பு எது, இல்லாதது எது என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். எம்42-க்கும் டி-மவுண்ட் என்ற இன்னொரு திருகு வகைக்கும் விட்டம் ஒன்றுதான், 42 மி.மீ. மரை இடைவெளி மட்டும் முன்னதில் 1 மி.மீ., பின்னதில் 0.75. ஒன்றை மற்றொன்றில் வைத்தால் ஒரு சுற்று வரை ஏறும், பிறகு இறுகும். அந்த இடத்தில் பலம் காட்டியவர்களின் லென்ஸ்கள்தான் மரை போய் என் மேஜைக்கு வருகின்றன.

கடைசியாகச் சூரியன். 300 மி.மீ. எஃப்/4 லென்ஸின் வாய் 75 மி.மீ. அகலம். அது பிடிக்கும் வெயில் முழுதும் 2.8 மி.மீ. அகலப் பிம்பமாகக் குவியும். பரப்பளவில் ஒப்பிட்டால் சுமார் 700 மடங்கு செறிவு. டிஎஸ்எல்ஆரின் ஒளியியல் வியூஃபைண்டரில் கண் வைத்துக்கொண்டு இதைச் சூரியன் பக்கம் திருப்பினால் விழித்திரை வெந்துபோகும். வலிக்காது என்பதால் உடனே தெரியவும் தெரியாது. மிரர்லெஸ்ஸில் கண் தப்பும், சென்சாரோ ஷட்டர் திரையோ மாட்டிக்கொள்ளும். ஒரு முறை ஒருவர் ட்ரைபாடில் லென்ஸை வானம் பார்க்க நிறுத்திவிட்டுப் பேசப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் சூரியன் படச் சட்டத்துக்குள் நகர்ந்திருந்தது. ஷட்டர் திரையில் பொட்டு அளவு ஓட்டை. லென்ஸ் மூடி சட்டைப் பையிலேயே இருந்ததாம்.