ரப்பரே இல்லாத ரப்பர்

கோடை விடுமுறை முடிந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் ஒரு காட்சி தப்பாமல் இருக்கும். ரப்பர் போய் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்து எடுத்தால் ஸ்கேலில் ஒரு பள்ளம். அந்த இடத்தில் மில்லிமீட்டர் கோடுகள் குழம்பிப் போயிருக்கும். வெயிலில் உருகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உருகவில்லை. ரப்பருக்குள் இருந்த எண்ணெய் போன்ற ஒரு பொருள் ஸ்கேலுக்குள் குடியேறி, அதையும் இளக்கிவிட்டது. ஸ்கேலைக் கெடுத்த அதே பொருளின் தயவால்தான் ஒரு ரப்பர், ஒரு பேப்பர் கட்டர், ஒரு ஸ்டாம்ப் பேட் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே முத்திரை செதுக்க முடிகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய அறிவியலாளர், பென்சில் கோட்டை அழிக்க அருமையான ஒரு பொருள் லண்டனில் விற்கிறது என்று எழுதிவைத்தார். அதுவரை ரொட்டித் துணுக்கைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்து அழிப்பதால் அதற்கு ரப்பர், அதாவது ‘தேய்ப்பான்’, என்று பெயர் வந்தது. அப்புறம் அந்தப் பொருளுக்கான பாலைக் கொடுக்கும் மரமே ரப்பர் மரமாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்கள்வரை எல்லாமே பென்சில் அழிப்பானின் பெயரைத்தான் சுமக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இன்று கடையில் வாங்கும் வெள்ளை ரப்பர் பெரும்பாலானவற்றில் அந்த மரத்தின் பால் ஒரு துளிகூடக் கிடையாது. அது பிவிசி. வீட்டில் தண்ணீர்க் குழாயாக ஓடுகிறதே, அதே பிவிசி.

குழாய் கல் மாதிரி இருக்கிறது, ரப்பர் எப்படி மெத்தென்று இருக்கிறது? வடித்த சேமியாவை அப்படியே ஆறவிட்டால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கிளறினால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு உதிரியாகும். பிவிசியின் நீள மூலக்கூறுகளும் அப்படித்தான். இடையில் ‘பிளாஸ்டிசைசர்’ என்ற இளக்கியைச் சேர்த்தால் பிடி தளர்ந்து பொருள் மென்மையாகிறது. இந்த இளக்கி பிவிசியோடு வேதிப்பிணைப்பு எதுவும் கொள்வதில்லை, சும்மா இடையில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் வேறு பிளாஸ்டிக் இருந்தால் மெல்ல அங்கே இடம்பெயரும். ஸ்கேல் கதை இதுதான். இளக்கியோடு சுண்ணக்கல் பொடியையும் நிறையக் கலக்கிறார்கள்.

அந்தப் பொடி பொருளை வேண்டுமென்றே பலவீனமாக்குகிறது. அழிரப்பரின் வேலையே தேய்ந்து உதிர்வது. உதிரும் துணுக்குதான் பென்சில் கரியைச் சுருட்டிக்கொண்டு போகிறது. உதிராத ரப்பர் கரியைத் தாளிலேயே ஈஷிவிடும். உதிர்வதற்காகச் செய்த பொருள் என்பதால் பிளேடுக்கும் அது எதிர்ப்புக் காட்டுவதில்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு பூ செதுக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். டியூப் ரப்பரில் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வித்தை அது. பிளேடு பட்டதும் அது வெட்டுப்படாமல் இழுபடும், கூடவே வரும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். அழிரப்பரில் பிளேடு போன இடத்தில் பளபளவென்று ஒரு தளம் தெரியும், பனீரை வெட்டியது மாதிரி.

இந்தக் கலையை ஜப்பானியர்கள் அளவுக்கு யாரும் கொண்டாடியதில்லை என்பது என் எண்ணம். ‘கேஷிகோமு ஹன்கோ’, அதாவது அழிரப்பர் முத்திரை, அங்கே பலருக்கு முக்கியமான பொழுதுபோக்கு. 2002இல் மறைந்த நான்சி செகி என்ற பத்திரிகை எழுத்தாளர், டிவி பிரபலங்களின் முகங்களை ரப்பரில் செதுக்கித் தன் பத்திகளோடு அச்சிட்டே பெயர் வாங்கினார்.

சரி, செதுக்கப் போவோம். நான் முதல்முதலில் செதுக்கியது ‘அ’. பேனாவால் ரப்பர்மேல் நேராக எழுதி, முக்கால் மணி நேரம் செதுக்கி, ஆசையாகக் குத்தினேன். செங்குத்துக் கோடு இடப்பக்கம், சுழி வலப்பக்கம். முத்திரை கண்ணாடி பிம்பம் என்பது எனக்குத் தெரியாததில்லை, கை மறந்துவிட்டது. தமிழில் இந்தத் தொல்லையிலிருந்து தப்பும் எழுத்துகள் ‘ப’ போல ஒன்றிரண்டுதான்.

தப்பே வராத வழி ஒன்று உண்டு. பட்டர் பேப்பரில் 2பி பென்சிலால் எழுத்தை நேராகவே அழுத்தி எழுதுங்கள். அதைக் குப்புறப் போட்டு ரப்பர்மேல் வைத்து, பின்பக்கம் நகத்தால் தேயுங்கள். எடுத்துப் பார்த்தால் எழுத்து ரப்பருக்கு வந்திருக்கும், அதுவும் திரும்பிய நிலையில். பென்சில் கரியான கிராஃபைட் அடுக்கடுக்கானது, லேசாகத் தேய்த்தாலே அடுக்கு பெயரும். பெயர்ந்தது தாளைவிட ரப்பரில் நன்றாக ஒட்டும். அழிக்கும்போது நடப்பதும் இதேதான். இங்கே ரப்பரைத் தாளில் தேய்க்காமல் அமுக்கிவைப்பதால் கோடு கலையாமல் அப்படியே இடம் மாறுகிறது.

செதுக்கும்போது கவனிக்க வேண்டியது பிளேடின் சாய்வு. கோட்டின் இரு பக்கச் சுவரும் அடிநோக்கி அகன்று போக வேண்டும், வயல் வரப்பின் குறுக்குவெட்டு மாதிரி. பிளேடை உள்பக்கமாகச் சாய்த்துவிட்டால் கோட்டின் அடி மெலிந்துபோகும். செதுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். நாலாவது குத்தில் கோடு மடங்கும், பத்தாவதில் பிய்ந்து வரும். உடையும் பொருளில் விசை எப்போதும் மெலிந்த மூலையில்தான் போய்க் குவியும்.

வளைவுக்குப் பிளேடைத் திருப்பாதீர்கள். பிளேடு அசையாமல் நிற்கட்டும், மற்ற கை ரப்பரைச் சுற்றட்டும். ‘அ’வின் சுழிக்குள் இருக்கும் எள்ளளவு இடத்தைத் தோண்டுவதுதான் மொத்த வேலையிலும் கஷ்டம். நாலு பக்கமும் பிளேடு நுனியைச் சாய்த்து இறக்கினால் கூம்பு வடிவத்தில் ஒரு துணுக்கு கிளம்பிவரும். அதைப் பிளேடு நுனியில் குத்தி வெளியே எடுக்கும் அந்த ஒரு நொடிக்காகவே இன்னொரு ரப்பர் வாங்கலாம். சின்னக் கோடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும். பெரிய வெற்றிடம் என்றால் இன்னும் ஆழமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் அமுங்கி நடுப்பகுதியும் தாளைத் தொட்டுவிடும்.

புது ரப்பரில் மை தாமரை இலைத் தண்ணீர் போலத் திட்டுத் திட்டாக நிற்கும். ரப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பானது, எண்ணெய்ப் பசையுள்ளது. நீர் கலந்த மைக்கு அதோடு பரவி ஒட்டப் பிரியமில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, நைஸான உப்புத்தாளில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் மை பிடித்துக்கொள்ளும். அப்புறம் ரப்பரைக் கொண்டுபோய்ப் பேடில் அமுக்காமல், ரப்பரை மல்லாக்க வைத்துப் பேடால் அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். அமுக்கினால் பேடின் துணி பள்ளத்துக்குள்ளும் இறங்கி அங்கேயும் மை பூசிவிடும்.

தாளில் குத்தும்போதும் பலம் வேண்டாம். கண்ணுக்கு வழவழவென்று தெரியும் தாள், உண்மையில் நார்கள் பின்னிய மேடு பள்ளம். மரக்கட்டை அச்சு அந்தப் பள்ளங்களைத் தொட நல்ல அழுத்தம் தர வேண்டும். மெத்தென்ற ரப்பர் தானே வளைந்து தொட்டுவிடும்; தொட்டதும் நார்களின் இடுக்குகள் மையை உறிஞ்சிக்கொள்ளும், திரி எண்ணெயை இழுப்பது போல. ஓங்கி அமுக்கினால் ரப்பர் சுருங்காது. அதன் கொள்ளளவு ஏறக்குறைய மாறாததால் பக்கவாட்டில் பிதுங்கும். கோடு தடிக்கும், கஷ்டப்பட்டுத் தோண்டிய சுழி மூடிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துத் தாளில் சுற்றி வையுங்கள். கறை முழுக்கப் போகாது, அதனால் நஷ்டமும் இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும் போட வேண்டாம், இளக்கி தன் வேலையைக் காட்டும். என் முதல் வருடத்து முத்திரைகளில் மூன்று, ஒரு டப்பாவின் அடியில் இன்னமும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. திரும்பிப்போன அந்த ‘அ’வும் அதில் ஒன்று. டப்பாவில் இப்போது சில்லறை போட்டு வைக்கிறோம்.